என் தாத்தா பெயரைச் சொல்லிப் படத்தை நிறுத்தியவர்களுக்கு

நம் திரைப்பட வட்டத்தின் தலைவர், செயலாளர், செயலவையினர் எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, இரண்டாம் உலகப்போரை ஜப்பானியச் சிப்பாய்களின் பக்கத்திலிருந்து சொல்லும் ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜீமா’ படம் என்று அறிவித்திருந்தீர்கள். நானும் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை இரவு புலனத்தில் (வாட்ஸ்அப்) நான்கு வரியில் ஒரு செய்தி வந்தது. திரையிடல் ரத்து. காரணம்: “சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட நம் மக்களின் குடும்பத்தார் மனம் புண்படும்.”

அந்தப் போரில் ஜப்பான் ராணுவம் நம்மவரைக் கொண்டுபோய் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட பாதை அது. அந்தக் குடும்பத்தார் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து நம் வட்டத்தில் மூன்று பேர். அதில் நான் ஒருவன். மற்ற இருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். அவர்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் ஒருவர் இந்தப் படத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தாராம். ஆக, எங்களுக்காக நீங்களே புண்பட்டு, நீங்களே மருந்தும் போட்டுவிட்டீர்கள்.

சண்டை போட எழுதவில்லை. ஆட்சேபம் சொன்ன பெரியவர் யார் என்பது எனக்குத் தெரியும். “ஜப்பான்காரனுக்காக நம்மை அழச் சொல்றீங்களா?” என்று கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் படத்தை எடுத்துவிட்டீர்களே, அதுதான் எனக்குச் சங்கடம். இந்த மடல் அவருக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் வீட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அப்பா 1943-ல் மலாயாவில், பேராக்கில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனார். மூன்று மாத வேலை, முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் பேர் எழுதினார்கள். துணைக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். தம்பிக்குப் பதினாறு வயது. சரக்குப் பெட்டியில் குந்தியும் நின்றும் ஐந்து நாள் பயணம், சயாமில் பான்போங்கில் இறக்கிக் காட்டுக்குள் நடை. மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. அண்ணன் போய்விட்டார். எந்த முகாம், எரித்தார்களா புதைத்தார்களா, ஒன்றும் தெரியாது. தம்பி மட்டும் சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தார், கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண் ஆறிய தழும்போடு. அவரைத்தான் சின்னத் தாத்தா என்று கூப்பிட்டு வளர்ந்தேன்.

அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தன. வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், செத்தவர்கள் 12,000 பேருக்கு மேல். நம்மவர், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர் என்று ஆசியத் தொழிலாளிகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர், செத்தவர்கள் 90,000 வரை என்று கணக்கிடுகிறார்கள். கணக்கு என்பதே பெரிய வார்த்தை. கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, ஒவ்வொரு கல்லிலும் பேர், வயது, படைப்பிரிவு. நம்மவருக்குப் பேர்ப்பட்டியலே கிடையாது. 1990-ல் அதே ஊரில் நிலத்தைத் தோண்டியபோது ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வந்தன. கூலிகளுடையதாக இருக்கும் என்றார்கள். அதோடு சரி.

ஆகவே பெரியவரே, புண்படுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று யாரும் கேட்க முடியாது. அந்த உரிமையோடுதான் சொல்கிறேன், படத்தைப் போடுங்கள்.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 2006-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட், பசிபிக்கில் இவோ ஜீமா என்ற ஜப்பானியத் தீவில் நடந்த ஒரே போரை இரண்டு படமாக எடுத்தார். ‘ஃபிளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்’ அமெரிக்கப் பக்கம்: சூரிபாச்சி மலைமேல் ஆறு பேர் கொடி நாட்டுகிற அந்தப் புகைப்படமும் அதற்குப் பிறகு நடந்ததும். அதில் ஜப்பானியர்களின் முகம் அநேகமாகத் தெரியாது. மலைக்குள் இருந்து குண்டு வரும், அவ்வளவுதான். இரண்டாவது படத்தில் கேமரா மலைக்குள் போய்விடுகிறது. வசனம் கிட்டத்தட்ட முழுக்க ஜப்பான் மொழி. எழுதியவர் ஐரிஸ் யமாஷிதா என்கிற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கப் பெண். ஈஸ்ட்வுட்டுக்கு அந்த மொழி தெரியாது. அமெரிக்காவில் ஏறக்குறைய 7,000 குடும்பங்களில் இழவு விழுந்த போர் அது. அதை அந்த நாட்டிலேயே பேர்போன, துப்பாக்கி தூக்கிய வேடங்களில் வளர்ந்த ஒரு நடிகர், எதிரியின் குகைக்குள் உட்கார்ந்து எடுத்திருக்கிறார். நிறம் வடிந்துபோன படம். சாம்பலும் கறுப்புமாகவே போகும்.

தீவு சின்னது, கந்தகம் நாறும், நல்ல தண்ணீர் கிடையாது. இருந்தவர்கள் ஏறத்தாழ 21,000 ஜப்பானியர்கள். தளபதி குரிபயாஷி கடற்கரையில் நின்று சாகிற பழைய முறையை விட்டுவிட்டு 18 கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைய வைத்தார். சில நாளில் முடியும் என்று அமெரிக்கர்கள் நினைத்த சண்டை, 1945 பிப்ரவரி 19-ல் தொடங்கி மார்ச் 26 வரை இழுத்தது. அதற்குள் உயிரோடு பிடிபட்டவர்கள் 216 பேர்.

இனி, நான் இந்தப் படத்தை யாரோடு பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

2007-ல் டிவிடி வாங்கி வந்தேன். சின்னத் தாத்தாவுக்கு அப்போது எண்பது. என்ன படம் என்று அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அது என் தப்பு. அவர் வழக்கம்போல நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து சுருட்டைத் தேடிக்கொண்டிருந்தார். கீழே ஓடுகிற வரியை அவருக்குப் படிக்கத் தெரியாது. காதில் விழுந்தது ஜப்பான் மொழி மட்டும், அறுபது வருஷம் கழித்து. மடக்கியிருந்த கால் தானாகக் கீழே இறங்கியது. முதுகு நிமிர்ந்தது. நிறுத்தட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

தொடக்கத்தில் சைகோ என்ற சிப்பாய் கடற்கரையில் பள்ளம் வெட்டிக்கொண்டே, இந்தத் தீவை அமெரிக்காக்காரனுக்கே கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று முணுமுணுப்பான். மேலதிகாரி காதில் விழுந்து செம்மையாக அடி வாங்குவான். சின்னத் தாத்தா அங்கேதான் வாயைத் திறந்தார். “பகேரோங்கிறான் பாரு. அவன் ஆளையே அப்படித்தான் அடிப்பான். பெரியவன் சின்னவனை அடிப்பான், சின்னவன் கொரியாக்காரனை அடிப்பான், அவன் எங்களை அடிப்பான். எங்களுக்கு அடிக்க ஆள் இல்ல, மாட்டை அடிச்சோம்.”

ஜப்பான்காரன் காலத்தைக் கண்டவர்கள் வீட்டில் பிறந்த யாருக்கும், முட்டாளே என்று திட்டுகிற அந்தப் ‘பகேரோ’வை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வசவை ஒரு ஜப்பானியனும் வாங்குவான் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்னத் தாத்தாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. எதிரியை நேரில் பார்த்தவருக்கு எதிரியைப் பற்றி நம்மைவிட நுணுக்கமாகத் தெரிகிறது. பின்னால் வந்த நமக்குத்தான் ஒரே நிறத்தில் எதிரி தேவைப்படுகிறான்.

சைகோவைக் காட்டி, இவன் யார் என்று கேட்டார். ரொட்டிக்கடைக்காரன் தாத்தா என்றேன். ராணுவம் வந்து ரொட்டியை எடுத்துக்கொண்டது, கடைசியில் கடைச் சாமானில் இருந்த இரும்பையும் எடுத்துக்கொண்டது, பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது பட்டாளத்துக்கு ஓலை வந்தது என்று கதையைச் சுருக்கிச் சொன்னேன். அந்த இடம் திரையிலும் வந்தது. ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று வாழ்த்துச் சொல்லி அழைப்பைக் கொடுப்பார்கள். “நம்ம லயத்துக்கும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க” என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடு.

பிறகு சுரங்கம் வெட்டும் காட்சி. சிப்பாய்கள் பிக்காசு பிடித்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். “கூலிக்காரன் எங்க?”

சிப்பாய்களே வெட்டினார்கள் தாத்தா என்றேன்.

“எத்தனை மைலு?”

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “போடா. எந்தப் பட்டாளத்துக்காரன் அவ்வளவு மண்ணு வெட்டுவான்?”

அப்புறம்தான் தேடிப் படித்தேன். சிப்பாய்களும் வெட்டினார்கள், அது உண்மை. ஆனால் அந்தத் தீவில் கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளிகளும் இருந்தார்கள். கடைசியில் பிடிபட்டவர்களிலும் கொரியர்கள் உண்டு. எதிர்ப்பக்கத்தின் கதையைச் சொல்ல வந்த படத்தில் அந்தப் பக்கத்தின் அடியில் கிடந்தவர்கள் இல்லை. ஆஸ்கார் தேர்வுக்குழுவின் கண்ணுக்குப் படாத ஓட்டையை, கீழே ஓடிய வரியைக்கூடப் படிக்காமல் ஒரு சயாம் கூலி கண்டுபிடித்துவிட்டார். (சிறந்த படத்துக்குப் பரிந்துரை போனது, ஒலித் தொகுப்புக்கு மட்டும் விருது கிடைத்தது.)

படத்தை நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வது அது குற்றம் குறை இல்லாத படம் என்பதால் அல்ல. கையில் வேறு மூட்டையும் இருக்கிறது.

குரிபயாஷி அருமையான மனிதராக வருகிறார். பிள்ளைகளுக்குப் படம் வரைந்து கடிதம் எழுதுகிறார், வீட்டுச் சமையற்கட்டுத் தரையைச் செப்பனிடாமல் வந்துவிட்டோமே என்று போர்க்களத்தில் வருத்தப்படுகிறார். கடிதங்கள் நிஜம், அச்சிலும் வந்திருக்கின்றன. ஆனால் இதே குரிபயாஷி 1941 டிசம்பரில் ஹாங்காங்கைப் பிடித்த 23-ஆவது படையின் தலைமைப் பணி அதிகாரி. கிறிஸ்துமஸ் அன்று அங்கே செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி மருத்துவமனைக்குள் புகுந்து படுக்கையில் கிடந்த காயம்பட்டவர்களைக் கொன்றது அந்தப் படையெடுப்பில்தான். அவர் கட்டளையிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையில் ஹாங்காங் என்று ஓர் ஊர் இருந்தது, படத்தில் அது இல்லை என்கிறேன். அமெரிக்காவில் இருந்த நாட்கள் மட்டும் விருந்தும் பரிசுத் துப்பாக்கியுமாக வருகின்றன. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கிய பாரன் நிஷியும் அப்படித்தான். படத்தில் மனசாட்சியுள்ள அதிகாரிகள் இருவரும் அமெரிக்காவைப் பார்த்துவிட்டு வந்தவர்களாக இருக்கிறார்கள். எதிரியைப் புரிந்துகொள்ளப் போன இயக்குநர் முதலில் தன் சாயலைத்தான் தேடியிருக்கிறார் போல.

தீவைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே குடியிருந்தவர்களை 1944-லேயே அப்புறப்படுத்திவிட்டார்கள். ஜப்பான் ராணுவம் பொதுமக்களைக் கொன்ற சீனக் கிராமம் இல்லை, மணிலா இல்லை, நம் சிங்கப்பூர் கடற்கரை இல்லை. சிப்பாயும் சிப்பாயும் மட்டும். ஜப்பான் ராணுவத்தின்மேல் இரக்கம் வரவழைக்க அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. நம் பெரியவரின் கோபத்துக்கு நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். குடிபெயர்ந்த தீவுக்காரர்கள் இன்றைக்கும் குடியேறத் திரும்பவில்லை. அவர்களுக்கு அந்தத் தீவு எப்போதும் ‘இயோட்டோ’தான். ‘இவோ ஜீமா’ என்பது ராணுவம் பரப்பிய வாசிப்பு. இந்த இரண்டு படமும் வந்து பேர் பரவிய பிறகு, 2007-ல் ஜப்பான் அரசு பழைய பேரையே அதிகாரபூர்வமாகத் திருப்பிக் கொடுத்தது. ஆள் திரும்பவில்லை, பேர் திரும்பியது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் போடு போடு என்கிறேன்? ஷிமிசு என்ற பையனுக்காக. கெம்பித்தாயிலிருந்து, அதாவது ஜப்பான் ராணுவப் போலீசிலிருந்து, விரட்டப்பட்டவன். வீட்டில் குரைத்த நாயைச் சுடச் சொன்னபோது ஆகாயத்தில் சுட்டுவிட்டு, சுட்டேன் என்று பொய் சொன்னவன். கெம்பித்தாய் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பாட்டிமார் கதவைச் சாத்துவார்கள். அந்த உடுப்புக்குள் ஒரு நாயைக் கொல்ல முடியாத ஒருவன் இருந்திருக்கலாம் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அவன் வெள்ளைத் துணியோடு சரணடைகிறான். காவலுக்கு நின்ற அமெரிக்கச் சிப்பாய், இவனைக் காத்துக்கொண்டு இங்கே உட்கார வேண்டுமா என்று அலுத்துச் சுட்டுவிடுகிறான். தன் நாட்டுச் சிப்பாய் செய்த அந்தக் கொலையை ஈஸ்ட்வுட் ஒளிக்கவில்லை. எதிரிக்காக அழச் சொல்வதைவிடக் கடினமான வேலை அது.

“நம்ம பக்கத்துப் படத்தைப் போடலாமே” என்று செயலவையில் ஒருவர் சொன்னாராம். எது ஐயா நம் பக்கம்? சயாம் பாதையைப் பற்றி உலகமே பார்த்த படம் 1957-ல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. நான் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரக் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் தோட்டத்து ஆள் ஒருவரைக்கூட நான் அதில் கண்டுபிடிக்கவில்லை. எங்களைத் தோட்டத்தில் விட்டுவிட்டு ஓடிய துரைமார்களின் பக்கம் அது. இன்னொரு பக்கமும் இருந்தது. சின்னத் தாத்தாவின் பக்கத்து லயத்துக் கூட்டாளி இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, ஜப்பான்காரனோடு சேர்ந்து பர்மா முனைக்குப் போனான். “நான் போட்ட தண்டவாளத்துல அவன் துப்பாக்கியோட போனான்டா” என்பார். பெருமையா, பொருமலா என்று அந்தக் குரலில் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒரே லயம், அடுத்தடுத்த கதவு. இதில் எந்தக் கதவை எதிர்ப்பக்கம் என்று குறிப்பது?

இப்படிப்பட்ட படங்களை நிறுத்துகிறவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். முதல் உலகப்போரின் ஜெர்மன் சிப்பாய்களை வைத்து அமெரிக்காவில் எடுத்த ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ 1930 டிசம்பரில் பெர்லினில் வெளியானபோது, நாஜிக் கட்சிக்காரர் கோயபல்ஸின் ஆட்கள் அரங்கத்துக்குள் வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டுக் கலாட்டா செய்தார்கள். சில நாளில் தடை வந்தது. உங்களை அந்த வரிசையில் வைக்கவில்லை. நம் கூடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, யாரும் கொண்டுவர வேண்டியதும் இல்லை.

படத்தின் கடைசியில் சைகோ புதைத்து வைத்த கடிதப் பையை 2005-ல் தோண்டி எடுப்பார்கள். கடிதங்கள் கொட்டும், எழுதியவர்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சின்னத் தாத்தா என்ன அது என்று கேட்டார். அவனுங்க வீட்டுக்கு எழுதின லெட்டர் என்றேன்.

“எல்லாரும் எழுதியிருக்கானுங்க” என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “எங்கண்ணனுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுடா.”

அதற்குப் பிறகு அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. 2011-ல் தவறிவிட்டார்.

அந்தத் தீவில் இன்னும் பத்தாயிரம் பேருக்கு மேல் மண்ணுக்குள் கிடக்கிறார்கள் என்று ஜப்பான் அரசு இன்றைக்கும் ஆள் அனுப்பித் தோண்டிக்கொண்டிருக்கிறது. எதிரிக்குக் கடிதம் இருந்தது, அதனால் படம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது இப்படி அரைகுறையாகக் காதில் விழுந்த பேச்சு மட்டும். அதையும் வாய்விட்டுச் சொல்ல ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. சின்னத் தாத்தா ‘மாட்டை அடிச்சோம்’ என்று சொன்னது அன்றைக்குத்தான். அதற்கு முந்தைய அறுபது வருஷத்தில் சொன்னதில்லை.

ஆகவே என் வேண்டுகோள். தேதி தள்ளிப்போனாலும் சரி, படத்தைப் போடுங்கள். தொடங்கும் முன் கால்மணி நேரம் ஹாங்காங்கையும் சயாமையும் பற்றி யாராவது பேசட்டும். ஆள் கிடைக்காவிட்டால் நான் பேசுகிறேன். முடிந்த பிறகு நாங்கள் மூன்று குடும்பமும் வீட்டில் கேட்டதைச் சொல்கிறோம். உங்கள் பிள்ளைகளில் யாராவது கைப்பேசியில் பதிவு செய்யட்டும்.

பெரியவருக்குத் தனியாக ஒன்று. ஜப்பான்காரன் காலத்தில் சில ஊர்களில் இலவசப் படம் என்று சொல்லிக் கொட்டகை நிறைய ஆளைச் சேர்த்து, கதவைப் பூட்டி, அப்படியே ரயிலேற்றிச் சயாமுக்கு அனுப்பினார்கள். உங்களுக்கு அந்தக் கதை தெரியாமல் இருக்காது. அதனால் கூடத்தின் பின்கதவைச் சாத்த வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். கொசு வரும், வரட்டும். கதவுக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கும். பிடிக்காத இடத்தில் எழுந்து வெளியே போய்விடுங்கள். டீ அங்கேதான் இருக்கும். செலவு என்னுடையது.

இப்படிக்கு,
வட்டத்தின் பழைய உறுப்பினன் ஒருவன்